ஆட்டமிழக்காமல் நாற்பத்தொன்று

கோர்ஃபு, ஞாயிறு

அன்புள்ளவருக்கு,

உங்கள் கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்தில் நிற்கும் என்று நிறுவனத்தில் விசாரித்து இதை அனுப்புகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

நேற்று ருமேனியாவுடன் பெண்கள் இருபது ஓவர் ஆட்டம். காற்றில் தீவுக்குப் படகு ஓடாததால் நம் அணியில் ஒருத்தி வந்து சேரவில்லை. ரன் கணக்கு எழுத உட்கார்ந்திருந்த என்னிடம் தலைவி வந்தாள். "அத்தை, உங்க பேரும் பட்டியல்ல இருக்கு. காலுக்குப் பேட் கட்டுங்க."

நாற்பத்தெட்டு வயதில் கிரேக்க நாட்டுக்காக ஆடிவிட்டேன். சிரிக்காதீர்கள்.

கடைசி ஜோடி, கடைசிப் பந்து, மூன்று ரன் தேவை. மட்டையோடு நின்றவள் நம் தியோதோரா. மருந்தியல் படிப்பை விட்டு வந்ததிலிருந்து நீங்கள் அவளோடு பேசுவதில்லை. "அம்மா, அடுப்புல பால் பொங்கினா ஓடுவியே, அப்படி ஓடு!" என்று கத்தினாள். ஒரு ரன் ஓடிவிட்டேன். இரண்டாவதில் பாதி வழியில் விழுந்தேன். ஒரு ரன்னில் தோற்றோம்.

அவள்தான் வந்து தூக்கினாள். "எந்திரிம்மா. அப்பா பார்த்திருந்தா வருஷம் முழுக்கச் சொல்லிக் காட்டியிருப்பாரு." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணக்குத் தாளை நானே எழுதி முடித்தேன். நகல் இதோடு இருக்கிறது. என் பூஜ்யத்துக்கு எதிரே இருப்பது, நம் நாட்டு வழக்கப்படி, என் அப்பாவின் குடும்பப் பெயர். அவளுடைய ஆட்டமிழக்காத நாற்பத்தொன்றுக்கு எதிரே இருப்பது உங்களுடையது.

அவளுடைய தொலைபேசி எண் மாறவில்லை.

இப்படிக்கு,
முழங்காலில் கட்டுப் போட்ட உங்கள் மனைவி