தாழ்ப்பாள் இல்லாத கதவு

ஜூலை 14, திங்கள்

சாரல். குடையை பஸ்ஸிலேயே விட்டாச்சு.

செல்வியை மம்சாபுரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். பத்தொம்பது வயசு. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக் கொட்டகையில், செட்டுன்னு சொல்லுவாங்க, வேலை. நான் நடத்துற இளைஞர் குழுவுக்கு எப்பவும் முதல் ஆளா வர்றவள். நீர்க்கடுப்பு, மூணாவது தடவை. டாக்டரம்மா அதே மாத்திரை, அதே பேச்சு: "தண்ணி நிறையக் குடிக்கணும்." செல்வி தலையை ஆட்டினாள்.

வெளியே வந்ததும், "குடிக்க மாட்டேன்க்கா."

"ஏன்ட்டி?"

"குடிச்சா போகணும்லா? செட்ல ஒரே கக்கூஸ். தாழ்ப்பா கெடையாது. ஆம்பளைக டீ குடிக்கிற எடத்துக்கு நேர் எதிர்ல."

காலை ஆறிலிருந்து சாயங்காலம் நாலு வரை ஒரு சொட்டு கிடையாதாம்.

புதன்கிழமை சத்துணவு வகுப்புன்னு முருங்கைக்கீரைப் படமெல்லாம் ஒட்டி வச்சிருக்கேன். வெட்கமா இருக்கு.

ஜூலை 16, புதன்

கை பரபரங்குது, எழுத்து கோணுது!

கீரைப் படம் பீரோவுக்குள். பெரிய தாள் நாலை ஒட்டினோம். செல்வியோட அதே செட்டில் வேலை பாக்குற கவிதா தாள் மேல படுத்தாள், உடம்பைச் சுத்தி வரைஞ்சோம். ஒரே சிரிப்பு. "எங்க வலிக்குதோ அங்க எழுதுங்க." பதினோரு பேர். இடுப்பு, தலை, அடிவயிறு. "எதனாலன்னு வெளியே எழுதுங்க." பொறவு பேனாவுக்கு அடிதடி.

- கக்கூஸ் (ஒன்பது பேர்!)
- நின்னுக்கிட்டே பஸ்
- வீட்ல கடைசியாச் சாப்பிடுறது, மிச்சம் இருந்தா
- மாப்பிள்ளை பாக்குறாங்க, தூக்கம் வரலை

"ஏட்டி, எனக்கு மட்டுந்தான்னுல்லா நெனச்சேன்!" கவிதா, செல்வியிடம்.

மொதலாளிகிட்ட நான் பேசுறேன்னேன். செல்வி: "நீங்க பேசினா உங்க பிரச்சினைம்பாவ. நாங்க பேசுதோம்."

ஜூலை 18, வெள்ளி

வேலையை விட்டு நிறுத்திட்டா? செல்வி சம்பளத்துலதான் அந்த வீடே ஓடுது.

செட்ல மொதலாளி ரூமுக்குள்ள அவங்க போக, நான் வாசல் பக்கம் நின்னேன். செல்வி படத்தை விரிச்சாள்.

மொதலாளி: "இம்புட்டு நாளா யாரும் எங்கிட்டச் சொல்லலையே?"

"சொல்ற விசயமா அண்ணாச்சி இது?" செல்விதான் கேட்டாள். "நீங்க ஒருக்கா உள்ள போயிட்டு வாங்க. பொறவு சொல்லுங்க."

மனுசன் எழுந்தார், நேரா கக்கூஸுக்குப் போனார், கதவைச் சாத்தினார். கதவு தானா திறந்துக்கிச்சு. கையில் டீயோட அத்தனை ஆம்பளைகளும் அவரையே பாக்குறாங்க!

வெளியே வந்து, "போய் வேலையப் பாருங்க." அம்புட்டுதான்.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு. வெயில். செல்வி போன், மூச்சு வாங்க. தாழ்ப்பாள் போட்டாச்சு! டீ குடிக்கிற இடம் பின்பக்கம் மாறியாச்சு! இன்னொரு கக்கூஸ் கட்ட கொத்தனார் வந்து அளந்துட்டுப் போயிருக்கார். யாரையும் நிறுத்தலை. சூபர்வைசர் மட்டும் கவிதாவை முறைக்கிறாராம். "முறைக்கட்டும்!"

பஸ் ஸ்டாண்டுன்னும் பாக்காமக் கத்திட்டேன். பூக்காரம்மா, "என்னம்மா, வேலை கெடச்சுருச்சா?"

அதோட விடலை செல்வி. "அக்கா, சுந்தரபாண்டியத்துல எங்க சித்தி மக தறிக்குப் போறா. அங்கயும் இதே கததான். ஞாயித்துக்கிழம நம்ம மாதிரி உடம்புப் படம் வரையக் கூப்பிடுதா."

"வாரேன். எத்தன மணிக்கு?"

"நீங்க வேண்டாம்க்கா. கிளாஸ்னு நெனச்சு வாயத் தொறக்க மாட்டாளுவ. நானும் கவிதாவும் போறோம். தாள் மட்டும் வாங்கிக் குடுங்க."

வாங்க வேண்டியது: தாள் எட்டு. மார்க்கர் ரெண்டு, கறுப்பும் சிவப்பும்.