பூஜ்யம் யூனிட் வீட்டில் ஆள் இருக்கிறது

அனுப்புநர்:
ஜா. சாராள் (வயது 43),
க/பெ. ஜான்சன்,
கதவு எண் 17, கடற்கரைத் தெரு,
மேட்டுமணல் குடியிருப்பு,
கடப்பாக்கம் அருகில்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
செங்கல்பட்டு.

பொருள்: இலவச வீட்டுமனைப் பட்டா – காற்றாடி மின்சாரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை ஆளில்லாத வீடு என்று அறிக்கை கொடுத்துப் பட்டாவை ரத்து செய்ய முயல்வது – நேரில் பார்வையிட்டு நிறுத்தக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. கிராம நிர்வாக அலுவலரின் தல ஆய்வு அறிக்கை, நாள் 05.12.2025.
2. வட்ட அலுவலக அறிவிப்பு, நாள் 09.01.2026.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்கண்ட முகவரியில் நானும் என் கணவரும் மகளும் பதினாறு வருடமாகக் குடியிருந்து வருகிறோம் என்பதை முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். சொந்த வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குகிற ஒருத்தி இதை மனு எழுதிச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். வரும் 27.02.2026 அன்று விசாரணை என்று தேதி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என் பட்டா ரத்தானால் நாங்கள் மூன்று பேரும் மணலில்தான் நிற்க வேண்டும்.

2. என் தாய் தந்தை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் காலம் தள்ளியவர்கள். எங்கள் குடும்பத்தில் ஒருவர் பெயருக்குக் காகிதத்தில் எழுதப்பட்ட முதல் நிலம் இந்த மூன்று சென்ட். பட்டாவில் ஒரு நிபந்தனை உண்டு: வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும், பூட்டிப் போட்டால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளும். நியாயமான நிபந்தனை. அதை நான் ஒரு நாளும் மீறியதில்லை.

3. காற்றாடி விஷயத்துக்கு வருகிறேன். மின்வாரியக் கம்பி எங்கள் குடியிருப்போடு முடிந்துவிடுகிறது. கடைசி வீடு என்பதால் கடைசியாக மிஞ்சும் கரண்டுதான் எங்களுக்கு. உப்புக் காற்றில் கம்பத்தில் பொறி பறக்கும், பல்பு மினுக்கும், மிக்ஸி முனகும், பிறகு கருகும். புகார் நோட்டில் என் கையெழுத்து பதினான்கு இடத்தில் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் யாரும் இல்லை.

4. நான் மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் மோட்டாருக்குக் காயில் சுற்றியவள். செம்புக் கம்பியைத் தொட்டாலே அதன் தடிமன் என்ன என்று என் விரல் சொல்லும். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் தையலில் உட்கார்ந்தேன். அதே தொழிற்சாலைப் பகுதியில் கம்பெனி பஸ் ஓட்டும் என் கணவர் ஜான்சன், பழைய இரும்புக் கடையிலிருந்து காந்தம், பேரிங், தகடு, பழைய பேட்டரி எல்லாம் தேடிக் கொண்டுவந்தார். காயிலை நான் சுற்றினேன். பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயைப் பிளந்து இறக்கை செய்தோம். முதல் இறக்கை ஒரு மாதத்தில் பிய்த்துக்கொண்டு சவுக்குத் தோப்பில் போய் விழுந்தது. தெருவே சிரித்தது, நாங்களும் சிரித்தோம். இரண்டாவது நின்றது.

5. ஒரே நாளில் மின்வாரியத்தை விட்டு வரவில்லை. முதலில் சமையற்கட்டில் ஒரு பல்பு. அடுத்து போன் சார்ஜ். பிறகு மின்விசிறி, பிறகு என் தையல் மெஷின், பிறகு டிவி. மூன்று வருடத்தில் ஒவ்வொன்றாகக் காற்றாடிக்கு மாற்றினோம். கடைசியாக வந்தது மாவு அரைக்கும் கிரைண்டர். பகல் பன்னிரண்டு மணிக்கு மேல் தென்கிழக்குக் காற்று எழும், அந்த நேரம் பார்த்துத்தான் இன்றும் மாவு அரைக்கிறேன். ஐப்பசியில் காற்று செத்துக் கிடக்கும் வாரங்களில் டிவியும் கிரைண்டரும் தூங்கும். அப்போதும் வாரியத்தின் சுவிட்சில் நான் கை வைக்கவில்லை. வீம்புதான், ஒப்புக்கொள்கிறேன். வீம்புக்குப் பட்டாவை ரத்து செய்யலாம் என்று எந்தச் சட்டத்திலும் இருப்பதாகத் தெரியவில்லை. மின் இணைப்பை மட்டும் துண்டிக்காமல் வைத்திருக்கிறேன், ஆபத்துக்கு உதவும் என்று. உதவவில்லை.

6. மீட்டரில் யூனிட் குறைந்துகொண்டே வந்து, 2024 ஆகஸ்டில் பூஜ்யத்தில் நின்றது. கணக்கெடுக்க வரும் திரு. வரதன் அதைப் பார்த்துவிட்டு, "ஜீரோன்னு போட்டா மேல ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா. கதவு பூட்டுன்னு போட்டுட்டா பேஜாரு இல்ல" என்றார். அவருடைய தொந்தரவு குறைந்தால் சரி என்று நான் விட்டுவிட்டேன். அது என் தவறு. தொடர்ந்து ஒன்பது முறை, பதினெட்டு மாதம், மின் கணக்கு எழுதும் என் வெள்ளை அட்டையில் "கதவு பூட்டு" என்று எழுதியிருக்கிறார். ஐயா ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்த அட்டை என் வீட்டு அலமாரியில் இருப்பது. ஒவ்வொரு முறையும் உள்ளே போய் எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தவள் நான். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து அட்டை எப்படி வெளியே வந்தது என்று இதுவரை எந்த அலுவலரும் கேட்கவில்லை.

7. சென்ற டிசம்பர் தொடக்கத்தில் புயல் வந்தது. முதல் நாளே நானும் என் கணவரும் இழுகம்பியை அவிழ்த்துக் காற்றாடி நிற்கும் இரும்புக் குழாயைப் படுக்க வைத்துவிட்டோம். புயல் போன மறுநாள் நிமிர்த்தினோம், சுற்றியது. மின்வாரியக் கம்பங்கள் பதினொன்று சாய்ந்து, ஒன்பது நாள் குடியிருப்பு முழுக்க இருட்டு. எங்கள் வீட்டில் மட்டும் விளக்கு. தெருவே போனைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. பிள்ளை பெற்று நான்கு நாள் ஆன எங்கள் தெரு ஆராயி, குழந்தையோடு எங்கள் மின்விசிறிக் காற்றில் படுத்திருந்தாள். யாரிடமும் நான் எதுவும் வாங்கவில்லை.

8. அப்படி வந்தவர்களில் ஒருவர் எங்கள் கிராம நிர்வாக அலுவலர் திரு. பன்னீர்செல்வம். மூன்று நாள் வந்தார். போனைச் சொருகிவிட்டு, என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் வீட்டு டீயைக் குடித்து, "இந்த ஊர்லயே உங்க வூட்டுலதாம்மா கரண்ட்டு கீது" என்று பாராட்டினார். மூன்றாம் நாள், 05.12.2025 வெள்ளிக்கிழமை, பகல் பதினொரு மணி. போன் முழுதும் சார்ஜ் ஏறியதும் தெருவில் இறங்கி நின்றுகொண்டு, "கதவ கொஞ்சம் சாத்திட்டு ஓரமா நில்லும்மா, புயல் சேதக் கணக்குக்கு ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார். என் வீட்டில் சேதம் எதுவும் இல்லையே என்று சொன்னேன். எல்லா வீட்டையும் எடுப்பதாகச் சொன்னார். நானே கதவைச் சாத்தி, படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்றேன்.

9. அந்தப் படம்தான் பார்வை 1-இல் கண்ட அறிக்கையின் இணைப்பு. "05.12.2025 அன்று முற்பகல் 11 மணிக்குத் தல ஆய்வு செய்யப்பட்டது. வீடு பூட்டப்பட்ட நிலையில் உள்ளது. கடந்த 16 மாதங்களாக மின் பயன்பாடு இல்லை. பயனாளி குடியிருக்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அறிவிப்போடு அந்தப் படமும் வந்தபோது எனக்கு முதலில் அருவருப்பாக இருந்தது. கோபம் பிறகுதான் வந்தது. ஒருவர் என் வீட்டில் உட்கார்ந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு, என்னையே கதவைச் சாத்தச் சொல்லி, அந்த வீட்டில் ஆளே இல்லை என்று எழுத முடியும் என்றால், அவர் குடித்த டம்ளரை நான் என்ன செய்வது? அந்தப் படத்தை எடுத்த போனுக்குச் சார்ஜ் ஏறியதும் எங்கள் காற்றாடியில்தான்.

10. இதை ஏன் செய்தார் என்று எனக்குச் சாட்சியோடு சொல்லத் தெரியாது. தெரியாததை எழுதவும் மாட்டேன். கண்ணால் பார்ப்பதை மட்டும் எழுதுகிறேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடலைப் பார்த்து ஒரு தங்கும் விடுதி எழும்புகிறது. அதன் மதில்சுவர் என் மனையின் இரண்டு பக்கமும் வந்து நின்றுவிட்டது. நடுவில், என் மனையின் அகலத்துக்கு, கேட் வைக்கிற மாதிரி இடைவெளி விட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு யார் என்ன உறுதி கொடுத்தார்களோ, ஐயா அவர்கள்தான் விசாரிக்க வேண்டும்.

11. 19.01.2026 அன்று பதில் மனுவோடு வட்ட அலுவலகம் போனேன். குடும்ப அட்டை, மகளின் பள்ளிச் சான்று, தெருக்காரர்கள் நாற்பது பேர் போட்ட கையெழுத்து, எல்லாம் கொண்டுபோனேன். பட்டா பிரிவு உதவியாளர் எதையும் பிரித்துப் பார்க்கவில்லை. "கரண்ட்டு பில்லே இல்லாம வூட்ல ஆளு கீதுன்னு எப்டிம்மா நம்பறது? சும்மா ஒரு லைட்ட எரிய வுடு, யூனிட்டு ஏறட்டும், அட்டைய எடுத்துகினு வா" என்றார். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தச் சொல்லும் அரசு அறிவிப்பு அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

12. மறுநாள் காலையிலிருந்து, வாரியத்தின் கரண்டில் அறுபது வாட் குண்டு பல்பு ஒன்றைக் கூடத்தில் எரிய விட்டேன். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை. வெயில் கொட்டுகிற பகலில், யாருக்கும் வேண்டாத அந்த வெளிச்சத்தின் கீழேதான் நான் தைக்கிறேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் என் மீதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது. கூரைக்கு மேல் காற்றாடி சுற்றுகிறது, கீழே நான் ஒருத்தி உட்கார்ந்து, உயிரோடிருப்பதற்கு அத்தாட்சியாகக் கரண்டை வீணாக்குகிறேன். பத்தொன்பது வயதில் சுற்றிய முதல் காயில் கருகிப்போய் மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் திட்டியபோதுகூட நான் இவ்வளவு கூசவில்லை.

13. 09.02.2026 அன்று திரு. வரதன் கணக்கெடுக்க வந்தார். மீட்டரில் பதினான்கு யூனிட். பார்த்தவுடன் முகம் மலர்ந்து, "ஊர்லேந்து எப்பம்மா வந்தீங்க?" என்று என்னிடம் கேட்டார். சென்ற ஒன்பது முறையும் நான்தான் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன் என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்கிறேன்.

14. 11.02.2026 அன்று பதினான்கு யூனிட் எழுதிய அட்டையோடு வட்ட அலுவலகத்துக்கு மீண்டும் போனேன். அதே உதவியாளர் அட்டையை இந்த முறை கவனமாகப் படித்தார். "பாத்தியா, நோட்டீஸ் வந்தப்புறம்தான் யூனிட்டு ஏறிகீது. நோட்டீஸ பாத்துட்டு ஓடியாந்து குடியேறிகீறன்னு இதுலயே தெரியுது" என்று சொல்லி, அட்டையின் நகலையும் எனக்கு எதிராகக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். லைட்டை எரிய விடச் சொன்னது நீங்கள்தானே என்று கேட்டேன். எழுத்தில் கொடுத்தேனா என்றார்.

15. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்பது: விசாரணைத் தேதிக்கு முன், அறிவிக்காமல், எந்த நேரத்திலாவது தாங்களோ தங்கள் நம்பிக்கைக்குரிய அலுவலர் ஒருவரோ என் வீட்டுக்கு நேரில் வர வேண்டும். மீட்டரைப் பார்க்க வேண்டாம், அடுப்பைப் பார்த்தால் போதும். பட்டா ரத்து நடவடிக்கையை நிறுத்தி ஆணையிட வேண்டும். 05.12.2025 அன்று திரு. பன்னீர்செல்வம் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று தெருக்காரர்களிடம் விசாரித்து, அந்த அறிக்கையின் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும். காற்றாடிக்கு மானியமோ பாராட்டோ எனக்கு வேண்டாம். வெள்ளை அட்டை நகல், அறிக்கை நகல், நாற்பது பேர் கையெழுத்து ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

16. முடிப்பதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்று திங்கட்கிழமை மனு நாள் என்பதால் என் கணவர் விடுப்பு எடுத்து என்னுடன் வந்திருக்கிறார். மகள் பள்ளிக்குப் போயிருக்கிறாள். கிளம்பும்போது அந்த பல்பை அணைக்கக் கை நீட்டினேன், பயந்துபோய் விட்டுவிட்டேன். அணைத்தால் நாங்கள் வீட்டைக் காலி செய்துவிட்டதாக எழுதிவிடுவார்கள். இந்த நேரத்தில், என் வீடு உண்மையிலேயே பூட்டிக் கிடக்கிறது. உள்ளே ஒருவரும் இல்லை. பல்பு மட்டும் எரிகிறது. அரசுக் கணக்குப்படி இப்போது அங்கே ஆள் குடியிருக்கிறது.

தங்கள் ஆணை கிடைக்கும் நாளில் அதை அணைக்கக் காத்திருக்கும்,

(ஒப்பம்) ஜா. சாராள்

இடம்: செங்கல்பட்டு
நாள்: 16.02.2026