ஒரே அடுப்பில் எத்தனை பேர்?

மார்ச் 3, செவ்வாய்

கோடு போட்ட நோட்டிலேயே கோடு தெரியவில்லை. கான்வென்டில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான். வலது கண்ணிலும் புரை முற்றிவிட்டதாம். ஏழை என்று அட்டை காட்டினால் அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்வார்கள். அட்டை! நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

மார்ச் 5, வியாழன்

கணக்கெடுக்கும் பெண் வந்தாள். செருப்பை வாசலில் ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தாள். அதனால் உட்காரச் சொன்னேன். யார் ஏழை என்று அளக்க அவளிடம் நாற்பத்திரண்டு கேள்விகள்; மார்க்கு கூடினால் ஏழை இல்லையாம். கூரை ஓடா, தளமா? போன வாரம் ஒரு வேளையாவது சாப்பிடாமல் இருந்தேனா?

"ஃபிரிட்ஜ் இருக்காம்மா?"

இருக்கிறது என்றேன். இருக்கத்தானே செய்கிறது? ஆறு வருடமாக ஓடவில்லை. உள்ளே என் கணவர் விட்டுச்சென்ற ஃபைல்கள். அதை அவள் கேட்கவில்லை.

"ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க எத்தனை பேரு?"

சமையல் மேடையில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். அவள் கண் அங்கே போனது.

"இரண்டு. நானும் என் மகனும். வேலைக்குப் போயிருக்கிறான்."

ஏன் சொன்னேன்?

மார்ச் 6, வெள்ளி

பொய் இல்லை. வேலைக்குத்தான் போயிருக்கிறான். பதினொரு வருடமாக, கடல் தாண்டி.

மார்ச் 24, செவ்வாய்

வார்டு அலுவலகத்தில் ஏழைகள் பட்டியல் ஒட்டிவிட்டார்கள். கீழ்வீட்டுத் தையல்காரி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"உங்க பேரு இல்ல பெரியம்மா! மார்க்கு ஜாஸ்தியாம். சம்பாதிக்கிற புள்ள கூடவே இருக்கான்னு எழுதியிருக்கு. எந்தப் புள்ள?"

கதவைச் சாத்திவிட்டேன். சாத்தியிருக்கக் கூடாது.

மார்ச் 25, புதன்

ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் அவகாசம். 'நான் தனியாக வசிக்கிறேன்' — ஒரே ஒரு வரி. எழுதுவதும் கிழிப்பதுமாகப் பொழுது போயிற்று. கண்ணு போனா போகட்டுமே, இனிமே யாரைப் பாக்கப்போறேன்? — அப்புறம் இந்த நோட்டை யார் படிப்பது?

ஏப்ரல் 2, வியாழன்

மனு கொடுத்தேன். பிழை ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 9, வியாழன்

அதே பெண் மறுபடியும். ஃபிரிட்ஜ் கதவை நானே திறந்து காட்டினேன்.

"நல்லவேளை, ஃபைல் எதுவும் கெட்டுப்போகல" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து எத்தனை நாளாயிற்று?

பிறகு அதே கேள்வி.

"ஒருத்தி" என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள், புத்திசாலி. அவள் போட்ட ஒன்று ஏழு மாதிரி இருந்தது. திருத்தச் சொன்னேன்.

மே 14, வியாழன்

அட்டை வந்துவிட்டது. நாளை ஆபரேஷன். படிவத்தில் 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் தையல்காரி கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை: கீழ்வீடு.

ஜூன் 1, திங்கள்

கோடு தெரிகிறது. முந்தைய பக்கங்களைப் பார்த்தேன் — வெட்கக்கேடான கையெழுத்து.

இரண்டு வாரம் அடுப்பருகே போகக் கூடாது என்று டாக்டர் சொன்னதால் கீழ்வீட்டில்தான் சாப்பாடு. அவள், புருஷன், இரண்டு பெண்கள், நான். கணக்கெடுக்கும் பெண்ணின் கணக்குப்படி ஒரே அடுப்பில் நாங்கள் ஐந்து பேர். உப்புதான் எப்போதும் ஒரு சிட்டிகை குறைவு. "வாயத் தொறந்து கேளுங்க பெரியம்மா, மூஞ்ச ஏன் சுளிக்கிறீங்க?" என்கிறாள்.

இனி அடுப்பு பற்றவைக்கலாம் என்று இன்று காலை டாக்டர் சொல்லிவிட்டார்.

கீழே இன்னும் சொல்லவில்லை.