உயரம் பூஜ்யம்

அண்ணி,

என் போனை நீங்கள் எடுப்பதில்லை, அதனால் கடிதம்.

கல்லூரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். விமானப் பொறியியலுக்கு ஏன் வந்தாய், பொழுதுபோக்கு என்ன என்று கேள்வி. "அண்ணனோடு மாதிரி கிளைடர் விடுவது" என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். அந்த ஞாபகத்தில் அதன் உயரத்தைக் காட்டும் பழைய ரிசீவரை ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தேன்.

சிக்னல் வந்தது. மூன்று வருடத்துக்கு முன் காற்றில் தப்பிப்போன அதே கிளைடர். அதன் பேட்டரி நாற்பது நிமிடம்தான் தாங்கும்.

உயரம் முந்நூற்று நாற்பது மீட்டர் என்று காட்டியது. மறுநாள் இருநூறு. நேற்று பன்னிரண்டு. ரிசீவரைக் கழற்றிப் பார்த்துவிட்டேன், கோளாறு இல்லை. கூடப் படிப்பவன், "பேட்டரி இல்லாமலே சிக்னல் வருதுன்னா நமக்கு டிகிரி எதுக்குடா?" என்று சிரித்தான். திரையைப் பார்த்ததும் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

எங்கே பறக்கவிட்டாலும் உயரத்தை நம் மொட்டைமாடியில் வைத்துத்தான் பூஜ்யமாக்குவோம். "நமக்கு வீடுதான்டா தரை" என்பார் அண்ணன்.

கிளைடர் தப்பிப்போன அன்று, எதிரே வந்த லாரியை அவர் கவனிக்கவில்லை என்றுதானே உங்களிடம் சொன்னார்கள்? "போனா போகுது, வேற செஞ்சுக்கலாம்டா" என்றுதான் அவர் சொன்னார். பைக்கில் துரத்தச் சொன்னது நான். "மேலயே பாத்துக்கிட்டுப் போண்ணா!" என்று கத்தியதும் நான்தான்.

இன்று காலையிலிருந்து உயரம் பூஜ்யம். அசையவில்லை.

நான் வரும்வரை மாடிக் கதவைத் திறக்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மனம் வரவில்லை. மேலிருந்து யாராவது தட்டினால் திறந்துவிடுங்கள். நான் மன்னிப்புக் கேட்டேன் என்று அவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் கொழுந்தன்