சட்டைப் பையில் இருந்த டோக்கன்

கோலார் தங்கவயல்
11-2-1968, ஞாயிறு

அன்பு மகள் யசோதாவுக்கு அப்பா எழுதுவது. புத்தர் பெருமான் துணையால் நானும் அம்மாவும் இங்கே சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளை முனிரத்தினமும் பெரியவளும் சின்னவனும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நம்பி எழுதத்தான் ஆசை, ஆனால் செவ்வாய்க்கிழமை உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஸ்டவ்வில் பாலை வைத்துவிட்டுப் பரீட்சைத் தாள் திருத்த உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாய், தீய்ந்த நாற்றம் வந்து பக்கத்து வீட்டம்மா ஓடிவந்தபோது சின்னவன் தவழ்ந்துபோய் ஸ்டவ்வுக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தான் என்று எழுதி, உங்கள் மகள் எப்பேர்ப்பட்ட தூங்குமூஞ்சி பாருங்கள் என்று வேடிக்கையும் சேர்த்திருக்கிறாய். அம்மாவுக்கு நான்தானே படித்துக் காட்ட வேண்டும், அந்த இடத்தை மட்டும் தாண்டிப் படித்துவிட்டேன். ஏன் குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டாள், சளி என்றேன். ஐந்து நாளாகச் சோற்றில் கை வைத்தால் அந்த ஒரு சாண்தான் கண்முன் நிற்கிறது. பயமாக இருக்கிறது யசோதா, அதை மறைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

விடிவதற்கு முன் எழுந்து சமையல், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் இரண்டு டியூஷன், மாப்பிள்ளையின் ஷிப்ட்டு மாறும்போதெல்லாம் வேளை மாற்றிச் சோறு, குழந்தைகளுக்கு ஒருத்தர் மாற்றி ஒருத்தருக்கு வயிற்றுப்போக்கு, எல்லாம் எழுதியிருக்கிறாய். நீ ஆசையாக வாசித்த புல்புல்தாராவில் ஒரு கம்பி அறுந்ததும் துணி சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டேன், பிள்ளை பெற்றவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம் என்கிறாய். பெருமையாக வேறு எழுதியிருக்கிறாய். இதே பேச்சை இதே பெருமையோடு பேசித் திரிந்தவன் நான். அதில் வந்த வினை உனக்குத் தெரியாது. என்னோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ஏனோக் மாமா ஏன் காலை இழுத்து நடக்கிறார் என்று கேட்டபோதெல்லாம் கல் விழுந்தது என்று பாதியைத்தான் சொன்னோம். மீதியை இன்று எழுதுகிறேன், படித்துவிட்டு என்னை என்ன நினைத்தாலும் சரி.

நீ வேலூரில் டீச்சர் டிரெயினிங் படித்த வருஷம் அது. உனக்காக என்று சொல்லிக் காட்ட வரவில்லை, யாரும் என்னைக் கேட்கவில்லை, நானாகத்தான் டபுள் ஷிப்ட்டு எழுதிக் கொடுத்தேன். அதுவரை ஞாயிறு தோறும் நானும் ஏனோக்கும் பேத்தமங்களா ஏரிக்குச் சைக்கிளில் போய் மத்தியானம் வரை நீந்திவிட்டு வருவோமே, அதையும் விட்டேன். தலை நரைக்கிற வயதில் தண்ணீரில் குதிப்பதற்கு நேரமில்லை என்று அவனிடமே சொன்னேன். ஒரு சனிக்கிழமை, இரவு ஷிப்ட்டு முடித்து அப்படியே பகல் ஷிப்ட்டும் பார்த்துவிட்டு மத்தியானம் மூன்று மணிக்குச் சுரங்கத்திலிருந்து கேஜில் மேலே வந்தேன். மேலே வந்தவன் பித்தளை டோக்கனைப் பலகை ஆணியில் மாட்ட வேண்டும், ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம், தங்கவயலில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். பதினெட்டு வருஷம் தவறாமல் மாட்டிய கை அன்று மாட்டவில்லை. டோக்கனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து, முன்வாசல் பூட்டைத் திறக்காமல் புறக்கடை வழியாக உள்ளே போய்ப் படுத்துவிட்டேன். அம்மா பங்காருபேட்டையில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள்.

நாலு மணிக்குக் கீழே பாறை வெடித்திருக்கிறது. லைன் வீடெல்லாம் ஆடி, நம் வீட்டுப் பரணிலிருந்து அண்டா உருண்டு விழுந்திருக்கிறது, நான் எழவில்லை. என் ஆணி காலி என்று தெரிந்ததும் ஆட்கள் வந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள், பக்கத்து வீட்டு ரத்தினம்மா கூரை ஓடு அதிரக் கூப்பிட்டாளாம், அதற்கும் எழவில்லை. வாசலில் பூட்டுத் தொங்குகிறது, வீட்டில் இல்லை, அப்படியானால் கீழேதான் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஷிப்ட்டு முடிந்து குளித்துவிட்டு நின்ற ஏனோக், தேடப்போகிறவர்களோடு தானும் மறுபடி கேஜில் ஏறினான். நான் இல்லாத இடத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனவன்மேல் இரண்டாவது முறை கல் சரிந்தது. நான் ஆறரை மணிக்கு எழுந்து டீ குடிக்கலாம் என்று வெளியே வந்தேன். தெருவில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து வாயில் கை வைத்துக்கொண்டார்கள். சட்டைப் பையைத் தொட்டேன், டோக்கன் இருந்தது. அந்த நிமிஷம் பட்ட பயத்தைப் பிறகு பட்டதில்லை, இந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் அவன் காலடியில் விழுந்து அழுதேன். “நீ கீழ இருக்கன்னு பலகை சொல்லிச்சி, எறங்கினேன், அதுக்கு இன்னா இப்போ, எழுந்து மூஞ்சி கழுவு போ” என்றான். பிறகு அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டான், டபுள் ஷிப்ட்டு கூடாது, ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கு வரவேண்டும். இப்போதும் பஸ்ஸில் போகிறோம். அவனால் நீந்த முடியாது, கரையில் என் துணிக்குக் காவல் உட்கார்ந்து, கையை வீசிப் போடுடா கிழவா என்று அதட்டுவான். இன்றும் போய்விட்டு வந்து தலை துவட்டாமல்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் இதைச் சொல்லலாமா என்று அவனைக் கேட்டேன். “ஒம் பொண்ணுக்கு சொல்லு, அதுக்காவது ஒதவட்டும்” என்றான்.

அதனால் யசோதா, டியூஷனில் ஒன்றையாவது உடனே நிறுத்து. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் குழந்தைகளை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுப் படு, எழுந்ததும் ஒரு மணி நேரம் புல்புல்தாரா வாசி, வீடு பெருக்காமல் கிடந்தால் கிடக்கட்டும். மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதியிருக்கிறேன், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார், கோபித்தாலும் பரவாயில்லை. ஸ்டவ்வை இன்றே உயரத்தில் ஏற்றி வை. ராபர்ட்சன்பேட்டையில் புல்புல்தாராவுக்குக் கம்பி வாங்கி இதோடு வைத்திருக்கிறேன், உறையைப் பிரிக்கும்போது விரலில் குத்திக்கொள்ளாதே. சித்திரையில் அம்மாவை ரயிலேற்றி அனுப்புகிறேன், எனக்கு ரசம் வைக்கத் தெரியும், என்னைப்பற்றிக் கவலை வேண்டாம்.

புத்தம், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளின் காவல் உனக்கும் மாப்பிள்ளைக்கும் குழந்தைகளுக்கும் எப்போதும் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே. திங்கள்தோறும் எனக்கு ஒரு கார்டு போடு. தூங்கினேன், வாசித்தேன் என்று இரண்டு வார்த்தை எழுதினால் போதும், பொய் எழுதாதே. கார்டு வந்தால் நீ மேலே வந்து டோக்கனை மாட்டிவிட்டாய் என்று நிம்மதியாகச் சாப்பிடுவேன். வராத வாரம் நீ இன்னும் கீழேதான் இருக்கிறாய் என்று எனக்கு அர்த்தம், நான் இறங்கித் தேட முடியாத தூரத்தில் இருக்கிறாய்.

உன் கார்டுக்காகத் தபால்காரர் வரும் வழியில் நிற்கும்
அப்பா,
தம்மபாலன்