விட்டு விட்டு ஒரு கோடு

செவ்வாய், மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதிவிட்டு, பிறகு அதை அடித்துவிட்டேன். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருங்கள், அது போதும். போனில் பேசாமல் காகிதத்தை எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. உன் போன் வந்தால் இவர் எந்த மூலையில் இருந்தாலும் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார். இவர் காதில் விழக்கூடாத ஒன்றை உன்னிடம் சொல்ல வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். வாரம் ஒரு கீமோ, மொத்தம் பன்னிரண்டு. ஆறு முடிந்தது. ஆபரேஷன் செய்த இடம் ஆறிவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் கரண்டியின் ருசிதான் தெரிகிறது. முடி போனதில் ஒரு லாபம், குளியல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. அழுகிறாயா என்று கேட்டிருந்தாய். இல்லை அக்கா. அழுகையும் இல்லை, பயமும் பெரிதாக இல்லை. பக்கத்து வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, நான் போய் விசாரித்துவிட்டு வந்தேன் என்பது போல இருக்கிறது.

நீ அனுப்பிய நோட்டில் விடாமல் வரைகிறேன். மனதில் தோன்றுவதை வரை என்று எழுதியிருந்தாய். மனதில் ஒன்றும் தோன்றவில்லை, அதனால் வார்டை வரைகிறேன். அதுவும் எனக்குத் தெரிந்த ஒரே விதத்தில், கூரையைக் கழற்றிவிட்டு மேலிருந்து பார்க்கிற வீட்டுப் பிளான் மாதிரி. கட்டில் ஒரு செவ்வகம். மருந்து பாட்டில் தொங்கும் கம்பி ஒரு சின்ன வட்டம். நான் தலையணைமேல் ஒரு முட்டை, கீழே இரண்டு கோடு. தேதி, அறை அளவு எல்லாம் ஓரத்தில் எழுதிவிடுவேன். மேலிருந்து பார்த்தால் யாருக்கும் முகம் இல்லை. எனக்கு அது வசதியாக இருக்கிறது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “கக்கூஸ் கதவு உள்பக்கமா திறக்குது பாருங்க. இந்தக் கம்பியோட நான் ரிவர்ஸ்லதான் உள்ள போறேன். எந்தப் புண்ணியவான் போட்ட பிளான் இது?” என்று கேட்டார். நோட்டிலாவது சரியாக இருக்கட்டும் என்று கதவை வெளிப்பக்கம் திறக்க வைத்தேன்.

இப்போது விஷயம். மூன்றாவது ஊசியிலிருந்து என் விரல் நுனிகள் மரத்துப் போகின்றன. ரவிக்கைக் கொக்கி மாட்ட கால் மணி நேரம் ஆகிறது. நேற்று கொதிக்கும் டம்ளரைப் பிடித்திருக்கிறேன், உள்ளங்கை சிவந்த பிறகுதான் தெரிந்தது. ஸ்கேல் இல்லாமல் ஒரு முழம் நேர்கோடு இழுப்பவள் என்று ஆபீசில் எனக்குப் பெயர். இப்போது பென்சிலுக்கும் விரலுக்கும் நடுவில் துணி சுற்றியது போல இருக்கிறது. சுவர்களை ஸ்கேல் வைத்துச் சமாளித்துவிடுகிறேன். கட்டிலையும் என்னையும் கையால்தான் வரைய வேண்டும், நீளக் கோடு ஆடுகிறது. அதனால் சின்னச் சின்னதாக விட்டு விட்டு இழுக்கிறேன். அப்போது ஆட்டம் தெரிவதில்லை.

டாக்டரம்மா வாரா வாரம் விரல் மரத்துப் போகிறதா என்று கேட்கிறார். இல்லை என்கிறேன். எதிர்க் கட்டில் டீச்சர் ஆமாம் என்றார், மறு வாரமே மருந்தைக் குறைத்துவிட்டார்கள். எனக்கும் குறைத்துவிட்டால், எடுத்த கட்டி திரும்பி வந்துவிட்டால்? சொல்லாமலே இருந்தால் இந்தக் கை இப்படியே போய்விடும், பதினெட்டு வருஷமாகப் பிளான் வரைந்த பிழைப்பும் கூடவே போய்விடும். இரண்டையும் யோசித்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். இவருக்கும் தெரியாது. தெரிந்தால் அந்த நிமிடமே டாக்டர் முன்னால் போய் நிற்பார். நீயும் மூச்சு விடாதே.

லீவு போட்டு வருகிறேன் என்று மறுபடி எழுதியிருக்கிறாய். வேண்டாம். வந்து என்ன செய்யப் போகிறாய்? வார்டில் துணைக்கு ஒரே ஸ்டூல், அதில் இவர் இருக்கிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


வியாழன், காலை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் பதில் கிடைத்தது. நாலு பக்கம் திட்டியிருந்தாய், நியாயம்தான். ஆனால் அது வருவதற்குள் இங்கே குட்டு உடைந்துவிட்டது. போன கடிதத்துக்குப் பிறகு மூன்று வாரம் ஆகிறது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

இவர் பத்து நாளாக ஒரு மாதிரி இருந்தார். காலை ஏழு மணிக்குக் கொத்தனார்கள் வருவதற்கு முன் வேலை இடத்தில் நிற்கிற மனிதர், வீட்டிலேயே சுற்றி வந்தார். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தார். நன்றாக இருந்த வாசற்படியைக் கொத்திவிட்டு மறுபடி பூசினார். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. வேலை இடத்தில் ஏதோ தகராறு என்று நினைத்துக்கொண்டேன். கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு இப்போது எதையும் கேட்கத் தோன்றுவதில்லை.

ஒன்பதாவது ஊசிக்குப் படுத்திருந்தபோது நோட்டைப் புரட்டினேன். ஆறு பக்கங்களில் யாரோ என் கோடுகளின் மேல் வரைந்திருந்தார்கள். சுவரைத் தொடவில்லை, கதவைத் தொடவில்லை. கட்டிலும் நானும் மட்டும், விட்ட இடமெல்லாம் சேர்த்து, தடிமனான முழுக்கோடு. முட்டையாக இருந்த என் தலை உருளைக்கிழங்காகியிருந்தது. அழுத்திய அழுத்தில் ஒரு பக்கம் கிழிந்தே போயிருந்தது. இவர் காதில் செருகியிருக்கும் தட்டைப் பென்சில்தான், சுவரில் குறி போடுவது. வேறு யாரிடம் அது இருக்கிறது?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உனக்கு இது தெரியாது அக்கா. எங்கள் பிளானில், ஏற்கெனவே இருக்கிற சுவர் என்றால் கறுப்பு முழுக்கோடு. புதிதாக வர வேண்டியது சிவப்புக் கோடு. விட்டு விட்டுப் போட்டிருந்தால் இடிக்க வேண்டியது. இத்தனை வருஷமும் நான் போட்ட அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இவர் சுவர் இடித்திருக்கிறார். வார்டு முழுக்க முழுக்கோட்டில் நிற்க, நடுவில் கட்டிலும் நானும் மட்டும் விட்டு விட்டு. நான் தூங்கும்போது இவர் நோட்டை எடுத்துப் படித்திருக்கிறார். நான் ஆட்டத்தை மறைக்கப் போட்டதை, நான் என்னைக் கைவிட்டுவிட்டேன் என்று படித்துவிட்டார்.

இதென்ன என்று கேட்டேன். ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்தபடி, “இடிக்கணும்னு நீயா முடிவு பண்ணிட்டியா? மேஸ்திரிய ஒரு வார்த்தை கேட்க வேணாமா?” என்றார். டிரைவர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. இத்தனை மாதத்தில் எனக்கு ஒழுங்காக வந்த ஒரே உணர்ச்சி அதுதான். இவர் பத்து நாள் எதைச் சுமந்துகொண்டு வாசற்படியைப் பூசினார் என்று நினைத்தேன். வேறு வழியில்லை, விரல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். “எத்தனை நாளா?” என்றார். மூன்றாவது ஊசியிலிருந்து என்றேன். என் விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திப் பார்த்தார், தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே. தெரியவில்லை என்று ஒவ்வொன்றுக்கும் சொன்னேன். பிறகு நோட்டை எடுத்துக்கொண்டு நேரே டாக்டரம்மாவிடம் போய்விட்டார்.

டாக்டரம்மா தேதி வாரியாகப் புரட்டிப் பார்த்தார். கோடு எந்த வாரம் ஆட ஆரம்பித்தது என்பது அதில் அப்படியே இருக்கிறது, தேதி போட்டது நான்தானே. “நான் கேள்வி கேட்கிறது பதில் வாங்கத்தான்மா” என்று மட்டும் சொன்னார். ஒரு வாரம் இடைவெளி, அப்புறம் மீதி மூன்றும் குறைந்த அளவில். குறைத்தால் பலன் இருக்காது என்று நினைக்காதீர்கள் என்றார். கட்டாயம் இருக்கும் என்றும் சொல்லவில்லை. விரலுக்கு உணர்ச்சி திரும்ப மாதக் கணக்கில் ஆகலாம், முழுதாகத் திரும்பாமலும் போகலாம் என்றார். கேட்டுக்கொண்டேன். இன்னும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் இவர் மறுநாள் ஏழு மணிக்கு வேலைக்குப் போனார்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். வீட்டில் என் அறையின் பிளான். கட்டிலையும் என்னையும் கறுப்பில் ஒரே இழுப்பாக வரைந்திருக்கிறேன், கன்னாபின்னாவென்று ஆடுகிறது, ஆடட்டும். கட்டிலுக்கும் சன்னலுக்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். தலையணையிலிருந்து ஒன்றரை அடி, அளவு எழுதியிருக்கிறது. அப்படி ஒரு நாற்காலி இப்போது இந்த அறையில் இல்லை. இவர் உட்காருவதற்கும் அல்ல, இவருக்கு ஸ்டூல் போதும்.

அதைச் சிவப்பில் வரைந்திருக்கிறேன். சிவப்பு எதற்கு என்று மேலே சொல்லியிருக்கிறேன். புரியாவிட்டால் அந்த இடத்தை இன்னொரு தடவை படி அக்கா.

உன் தங்கை