கறுப்பியின் முதுகில் பொடுகு

மாசி 5, செவ்வாய்

வெயில். காற்றே இல்லை. ரப்பர் இலை உதிர்கிற காலம், லைன் வீட்டு வாசல் முழுக்கச் சருகு. காலையில் கூட்டியது. சோறு வடிப்பதற்குள் மறுபடியும் அதே கோலம்.

கறுப்பி முதுகில் வெள்ளை வெள்ளையாகத் தூள். வாலடியில் இன்னும் அதிகம். அடுப்புச் சாம்பல் என்று துடைத்தேன். சாம்பல் இல்லை, பொடுகு. பூனைக்கும் வருமா இது?

பழைய லைனில் இருந்தவரை ஓடைப் பக்கம் போய் மீன் பிடித்துத் தின்னும். கம்பி வேலிக்குள் நம்மைக் கொண்டுவந்து வைத்த பிறகு அதற்கும் பங்கீட்டு அரிசிச் சோறுதான், பருப்புத் தண்ணீர் ஊற்றி. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருக்கிற கம்யூனிஸ்ட்காரர்களுக்குச் சோறு போய்விடும் என்று நமக்கே அளந்துதான் கொடுக்கிறார்கள். கருவாடு கண்ணில் படுவது என்றைக்கோ.

கடையில் வாங்க: உப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைக்கு ஓமம்.

மாசி 6, புதன்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற டிரெஸர் வந்தார், பேத்தியைப் பார்க்க. எடை ஏறியிருக்கிறாளாம். நெற்றி அப்படியே என் நெற்றி. அவரிடமும் சொன்னேன், தலையாட்டினார்.

எழுந்திருக்கும்போது பாயில் கிடந்த தூளைப் பார்த்துவிட்டார்.

“இது பூனையோடதா பாட்டி?”

“வெறும் பொடுகு.”

“பொடுகுன்னா பயமில்ல. சொறியா இருந்தா பிள்ளைக்கு ஒட்டிக்கும். அடுத்த புதன் வந்து பாக்கிறேன். புண்ணு கிண்ணு இருந்தா பூனை இங்க இருக்கக்கூடாது.”

“வாங்க. கண்ணாடி மாதிரி இருக்கும்” என்றேன்.

அவர் போனதும் மருமகள் பாக்கியம்: “மீனு போட்டா சரியாயிரும் அத்தை. அம்பாங்கான்ல எங்க அம்மா வீட்டுப் பூனைக்கு அப்படித்தான் பாப்போம்.”

நேற்று வந்தவள். இந்த லைனில் யார் தலையில் பொடுகு என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணியின் பெண்சாதி உட்பட.

மாசி 8, வெள்ளி

எண்ணெய்க் குளியல். பிள்ளைக்கு, எனக்கு, கறுப்பிக்கு. காய்ச்சிய தேங்காயெண்ணெய், ஊறப்போட்டு அரைத்த வெந்தயம், எலுமிச்சம்பழம், கடைசியில் சீயக்காய். மனுஷிக்குச் செய்வதில் ஒன்றும் குறைக்கவில்லை. பாக்கியம் முகத்தைத் திருப்பிக்கொண்டு காலைப் பிடித்தாள். என் கையில் கீறல்.

குழாயடியில் ஒரே சிரிப்பு.

“என்னக்கா, பூனைக்கு மட்டும் தீபாவளியா?”

“புதுத்துணி எடுத்தாச்சா?” இது இன்னொருத்தி.

சிரிக்கட்டும். சாயங்காலம் கறுப்பி பளபளவென்று இருந்தது. ஒரு தூள் இல்லை.

மாசி 9, சனி

காய்ந்ததும் தூள் வந்துவிட்டது. முன்னைவிட அதிகம். எண்ணெய் இறங்கவில்லை போல. இன்றும் குளிப்பாட்டினேன், எலுமிச்சை கூடப் பிழிந்து.

பாக்கியம்: “போதும் அத்தை. அது நாக்காலேயே தன்னைச் சுத்தம் பண்ணிக்கும். நீங்க தடவுறதையெல்லாம் நக்கிட்டு வாந்தி எடுக்குது பாருங்க.”

“அஞ்சு பிள்ளை வளத்தவ நான்.”

“பூனை வளக்கலியே.”

மெதுவாகத்தான் சொன்னாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

மாசி 11, திங்கள்

மூன்றாம் முறை. டிரெஸர் வருவதற்குள் பொடுகு போயாக வேண்டும் என்று தேங்காய் நாரால் சீயக்காயை அழுத்தித் தேய்த்தேன். கறுப்பி கத்தின கத்து. துவட்டும்போதுதான் பார்த்தேன், தோல் சிவந்து ஓரிடத்தில் ரத்தம்.

மஞ்சள் வைத்தேன். விறகுக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டது. சோறு வைத்துக் கூப்பிட்டேன். வரவில்லை. பாக்கியம் கூப்பிட்டாள், வந்தது.

மாசி 13, புதன்

டிரெஸர் வந்தார். முதுகு முழுக்கச் சிவப்பு, பொருக்கு, இரண்டு இடத்தில் முடி கொட்டியிருந்தது.

“பொடுகுன்னீங்களே பாட்டி?”

நான் தேய்த்ததால் வந்த புண் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியது. கிராணி பெண்சாதி வாசலில் நின்றுகொண்டிருந்தாள், பிள்ளையைப் பார்க்க வந்தவள். வாய் வரவில்லை. பாக்கியம் என்னமோ சொல்ல வந்தாள். ஒரு பார்வை பார்த்தேன். மூடிக்கொண்டாள்.

“சொறிதான். பச்சைப் பிள்ளை இருக்கிற வீடு. இன்னைக்கே அனுப்பிருங்க.”

கேட்டில் காவல் நிற்கிற மலாய்க்காரப் பையன் மாட் கேள்விப்பட்டுக் கூடையோடு வந்தான். “நான் எங்க ஊருக்கு, கம்போங்குக்குக் கொண்டு போறேன் பாட்டி. எங்க வீட்ல குச்சிங் இருக்கு, நாலு. இது அஞ்சாவுதுலா.” குச்சிங் என்றால் பூனை, அவன் பாஷையில்.

கூடைக்குள் சத்தமே இல்லை. கத்தியிருந்தால் தேவலை.

மாசி 16, சனி

புழுக்கம். மேகம் கூடி, மழை இல்லை.

பாக்கியம் பேசுகிறாள், கேட்டதற்கு மட்டும். ராத்திரி கறுப்பிக்கென்று சோற்றில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்துவிட்டேன், பழக்கம். ஊரடங்கு நேரத்தில் எங்கே கொட்டுவது. நானே தின்றேன்.

குழாயடியில் ஒருத்தி தலையைக் காட்டினாள், பொடுகுக்கு என்ன போடலாம் என்று. ஞாபகமில்லை என்று வந்துவிட்டேன்.

மாசி 27, புதன்

மழை, கடைசியில்.

கேட்டில் மாட் நின்றிருந்தான். கேட்கக்கூடாது என்றுதான் போனேன். அவனே சொன்னான்.

“முதுகு நல்லாயிருச்சு பாட்டி. முடி முளைக்குது.”

“என்ன மருந்து போட்டே?”

“மருந்து இல்லலா. மீனு. சீப்பு. ஈரத்துணியால ஒரு தொடப்பு. பூனைக்கு எதுக்குக் குளி?” பிறகு சிரித்தான். “ஒண்ணுதான் வேடிக்கை. எம் பொண்டாட்டி தலைக்குத் தேங்காயெண்ணெய் வெச்சா ஓடிப் போயி கட்டில் அடியில ஒளியுது. ஏன் பாட்டி?”

நானும் சிரித்துவைத்தேன். வெள்ளிக்கிழமை லீவாம். கொண்டுவந்து காட்டுகிறேன் என்றான்.

மாசி 29, வெள்ளி

எண்ணெய் வைக்கவில்லை.

“இன்னைக்குத் தலை முழுகலியா அத்தை?”

“இல்ல.”

நேற்றே சோப்புப் போட்டுத் தலையை அலசியிருந்தேன். கையை வெறும் தண்ணீரில் மறுபடி மறுபடி கழுவினேன். இரண்டு பேரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்குப் போனோம். பால்வெட்டு முடிந்து பெண்கள் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். கிராணி பெண்சாதியும் எங்கேயோ போய்விட்டு வந்து அங்கேதான்.

மாட் கூடையைத் திறந்தான். கறுப்பி கொழுத்திருந்தது. முதுகு கன்னங்கரேலென்று, ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கையை நீட்டினேன். விரலை வெகுநேரம் மோந்தது. ஓடவில்லை. மடிக்கும் வரவில்லை. நான் தடவவில்லை.

“எடுத்துக்கிறீங்களா பாட்டி? டிரெஸர்கிட்ட நான் பேசுறேன்.”

“அது சொறியே இல்ல தம்பி. நான் தேய்ச்ச தேய்ப்பு. அன்னைக்கே டிரெஸர்கிட்ட நான் சொல்லியிருக்கணும்” என்றேன். வரிசைக்கே கேட்டிருக்கும். யாரும் சிரிக்கவில்லை.

“அப்ப எடுத்துக்கலாமே அத்தை” என்றாள் பாக்கியம்.

வேலிக்குள்ளே மீன் எங்கே இருக்கிறது.

கூடையை மூடச் சொன்னேன்.